புரட்டாசிக்கு ஒரு நாக்கு

ஈஜிபுரா, பெங்களூர்
2-8-1998

அன்புள்ள அண்ணனுக்கு,

ஷோபா எழுதுவது. நானும் அண்ணியும் இங்கே சௌக்கியம். உன் உடம்பு எப்படி இருக்கிறது, முக்கியமாக அந்த வலது கை எப்படி இருக்கிறது என்று எழுது. போன தடவையும் இதையேதான் கேட்டேன். நீ மஸ்கட் வெயிலைப் பற்றி ஒரு பக்கம் எழுதி அனுப்பினாய். வெயிலை யார் கேட்டார்கள்?

செய்திக்கு வருகிறேன். எங்கள் ஹோட்டலின் ஆறாவது மாடியில் ஜனவரியில் புது ரெஸ்டாரன்ட் திறக்கிறார்கள். முழுக்க நம் பக்கத்துக் கறி, மீன், பிரியாணி. அதற்குத் தலைமை செஃப் யார் என்பதுதான் கிச்சனில் ஒரே பேச்சு. பெரிய செஃப் ஓஸ்வால்ட் நேற்று என்னையும் கிரணையும் கூப்பிட்டார். டிவியில் 'தணல்' என்று ஒரு போட்டி வரப்போகிறதாம். ஊரிலுள்ள ஹோட்டல் செஃப்கள் மோதுகிறார்கள், நம் ஹோட்டலிலிருந்து நீங்கள் இரண்டு பேர் போகிறீர்கள், யார் அதிக தூரம் போகிறீர்களோ அவருக்கு ஆறாவது மாடி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு அந்தக் கிச்சன் வேண்டும் அண்ணா. காய் நறுக்கச் சேர்ந்தவள் மசாலா, குழம்பு என்று ஒவ்வொரு படியாக ஏறி, கடைசியில் காலை பஃபேயில் தோசைக்கல் முன்னால் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். பெண் நின்றால் கஸ்டமர்களுக்குப் பிடிக்கிறதாம். மதியத்துக்கு மேல்தான் கறிப் பக்கம் போய்க் கிரணுக்குக் கை கொடுக்க விடுகிறார்கள்.

கிரண் மண்டியாக்காரர், உனக்கு முன்பே எழுதியிருக்கிறேன். அவர்களுக்கு இப்போது ஸ்ராவண மாதம். கவிச்சியை நாக்கில் வைக்க மாட்டார். அவர் வைக்கும் மட்டன் குழம்பை நான்தான் ருசி பார்த்து உப்பு, காரம் சொல்கிறேன். உங்கள் மெஸ்ஸில் தீப்பிடித்து உன் கை வெந்த வருஷம் நான் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டதிலிருந்து, புரட்டாசி வந்தால் எனக்கு அவர் ருசி பார்க்கிறார். இப்போது அந்த மனிதரோடுதான் மோதச் சொல்கிறார்கள்.

அண்ணி உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னாள். கையைப் பற்றி மறக்காமல் எழுது.

உன் தங்கை
ஷோபா


மஸ்கட்
15-8-1998

அன்புத் தங்கை ஷோபாவுக்கு,

அண்ணன் ரங்கநாதன் எழுதுவது. நான் நலம். நீயும் ஜானகியும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

உன் கடிதத்தை என் ரூமில் இருக்கும் நாகர்கோவில் டொமினிக் மெஸ்ஸில் எல்லாருக்கும் உரக்கப் படித்துக் காட்டினான். நம்ம ரங்கண்ணன் தங்கச்சி டிவியில வர்றா என்று ஒரே கூத்து. சிவாஜிநகர் மிலிட்டரி ஹோட்டலில் நான் பரோட்டா தட்டியபோது பக்கத்தில் நின்று மாவைத் திருடித் தின்றவள் நீ. இன்றைக்கு ஸ்டார் ஹோட்டல் செஃப்களோடு மோதப் போகிறாய். எனக்கு மார்பு விம்முகிறது, அதை மறைக்க மாட்டேன்.

கிரணைப் பார்த்துத் தயங்காதே. அடுப்பு முன்னால் சிநேகிதம் வேறு, போட்டி வேறு.

இங்கே வெயில் குறையவில்லை. ராத்திரியிலும் அனல்தான் அடிக்கிறது.

அன்புடன்
அண்ணன்


ஈஜிபுரா
30-8-1998

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம். உன் சுகத்தை அறிய ஆசை. வெயிலின் சுகத்தை நீ எழுதிவிட்டாய்.

ஷூட்டிங் தொடங்கிவிட்டது. பீன்யாவில் ஒரு பழைய ஃபேக்டரி ஷெட்டை வாடகைக்கு எடுத்து, உள்ளே அடுப்பும் விளக்கும் போட்டிருக்கிறார்கள். வெளியே லேத் பட்டறைச் சத்தம் வரும்போதெல்லாம் 'கட்' சொல்கிறார்கள். பன்னிரண்டு பேரில் நான் ஒருத்திதான் பெண். முதல் நாளே டைரக்டர் வந்து, மேடம் நீங்கள் தோசை திருப்பிக் கேமராவைப் பார்த்துச் சிரியுங்கள், அழகாக இருக்கும் என்றார். தோசை என் ஹோட்டலில் கிடைக்கும், காலையில் வாருங்கள் என்று சொல்லிவிட்டு ஆட்டு மூளையைக் கையில் எடுத்தேன். மனிதர் அதற்குப் பிறகு என் பக்கம் வரவில்லை.

யார் ஜெயித்தார், யார் வெளியே போனார் என்பதை டிவியில் வரும்வரை வெளியே சொல்லக்கூடாது என்று எல்லாரிடமும் பேப்பரில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். அதனால் ஒன்றும் எழுத மாட்டேன். அடுத்த வாரமும் நான் பீன்யா பஸ்ஸில் ஏறுகிறேன், அவ்வளவுதான் சொல்லலாம். கிரணும் அதே பஸ்ஸில்தான் வருகிறார். இரண்டு பேரும் பக்கத்தில் உட்கார்ந்து, மசாலாவைப் பற்றித் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசிக்கொண்டு போகிறோம்.

ஒரே ஒரு கவலை. ஆவணிக்குள் எல்லாம் முடிந்துவிடும் என்றார்கள். மழையில் ஷெட் ஒழுகி நாள் தள்ளிப் போய்க்கொண்டே இருக்கிறது.

கை?

ஷோபா


மஸ்கட்
10-9-1998

அன்புள்ள ஷோபா,

நலம், நாடுவதும் அதுவே. நீ ஜெயித்துக்கொண்டிருக்கிறாய் என்று பஸ்ஸை வைத்தே கண்டுபிடித்துவிட்டேன். உன் பேப்பரும் கையெழுத்தும் நன்றாக இருக்கட்டும்.

மழையில் நனையாதே. ஜானகியிடம் சொல்லி மிளகு ரசம் வைத்துக் குடி. எனக்கு இங்கே வேலை அதிகம், அதனால் கொஞ்சமாக எழுதுகிறேன்.

ரங்கநாதன்


ஈஜிபுரா
18-9-1998

அன்புள்ள அண்ணா,

வீட்டில் எல்லாரும் நலம். என் மனசுதான் நலமில்லை.

இறுதிப் போட்டி நானும் கிரணும். விளம்பரத்துக்காக இதை அவர்களே வெளியே விட்டுவிட்டார்கள், அதனால் எழுதுகிறேன். ஹோட்டலில் ஓஸ்வால்ட் இரண்டு பேரையும் தோளில் தட்டினார். தேதி அக்டோபர் மூன்று. காலண்டரைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். புரட்டாசி மூன்றாவது சனிக்கிழமை. நேற்றுத்தான் மாதம் பிறந்தது, வீடு கழுவி நாமம் போட்டுத் தளிகை போட்டோம்.

புரட்டாசியில் கறியைக் கழுவுவேன், வெட்டுவேன், வேக வைப்பேன். அது என் வேலை. நாக்கில் மட்டும் வைக்க மாட்டேன் என்று வேண்டிக்கொண்டேன். தொடலாம், தின்னக்கூடாதாம், பெருமாளும் ஹோட்டலும் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு என்று அண்ணி கேலி செய்கிறாள். செய்யட்டும். நீ ஆஸ்பத்திரியில் கிடக்கிறாய் என்று தந்தி வந்த அன்று, ஆயுசுக்கும் என்று நான் சொன்னது அவளுக்கும் தெரியும்.

சிக்கல் இதுதான். இறுதிச் சுற்றில் மட்டன் பிரியாணி. இந்தச் சுற்றுக்கென்று புதிதாக ஒரு விதியும் போட்டுவிட்டார்கள். தம் போடுவதற்கு முன்னால் சமைப்பவர் கேமரா முன் ருசி பார்க்க வேண்டும். ஹோட்டல் என்றால் கிரண் இருப்பார். அங்கே அவர் எதிர் அடுப்பில் நிற்பார்.

ஆறாவது மாடிக்கும் எனக்கும் நடுவில் ஒரு ஸ்பூன் குழம்புதான் நிற்கிறது. குடிக்க மாட்டேன். ஆனால் தோற்கவும் எனக்கு மனசில்லை. நீ என்ன நினைக்கிறாய் என்று உடனே எழுது.

ஷோபா


மஸ்கட்
29-9-1998

அன்புத் தங்கைக்கு,

கடிதம் இன்றுதான் கிடைத்தது. நலம் விசாரிக்க நேரமில்லை.

குடித்துவிடு. யாருக்காக வேண்டிக்கொண்டாயோ அவனே சொல்கிறேன், இந்த ஒரு நாள் விட்டுவிடு. நீ எனக்காக ரசம் சாதம் சாப்பிடுகிறாய், நான் இங்கே புரட்டாசியிலும் கோழி தின்றுகொண்டிருக்கிறேன். இதில் என்ன நியாயம்? பெருமாளுக்குக் கணக்குத் தெரியும். பாவம் வந்தால் என் தலையில் வரட்டும்.

நீ தோசை திருப்பியே கிழவியாவதைப் பார்க்க நான் பிழைத்து வரவில்லை, ஷோபா.

இது உன் கையில் கிடைக்குமுன் மூன்றாம் தேதி தாண்டிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

அண்ணன்


ஈஜிபுரா
4-10-1998

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம். உன் கடிதம் வரும் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. நேற்று போட்டி முடிந்துவிட்டது. நடந்ததை எழுதுகிறேன்.

கறி, மசாலா, தண்ணீர் எல்லாம் கொதித்து, அரிசி போடுகிற நேரம். அந்தத் தண்ணீர் நாக்குக்குக் கொஞ்சம் கரிக்க வேண்டும், அரிசி இழுத்துக்கொள்ளும் என்பது உனக்குத் தெரியாததா? மூடி தம் போட்டுவிட்டால் பிறகு உப்பைச் சரிசெய்ய யாராலும் முடியாது. டைரக்டர் ஸ்பூனைக் காட்டினார். நான் அடுப்பை அணைத்துவிட்டு, எனக்குப் புரட்டாசி, ருசி பார்க்க மாட்டேன், அதற்காக வெளியே அனுப்புவதென்றால் அனுப்புங்கள் என்று நடுவர்களைப் பார்த்துச் சொன்னேன். குரல் நடுங்கவில்லை.

கொஞ்ச நேரம் கூடிப் பேசினார்கள். மூன்று நடுவர்களில் வயதான ஒரு அம்மா, தன் சமையலறையிலும் புரட்டாசிக்காரர்கள் உண்டு என்றும், இன்னொரு செஃப் ருசி பார்த்துச் சொன்னால் போதும் என்றும் சொன்னார். ஆனால் அந்த ஷெட்டில் இருந்த இன்னொரு செஃப் கிரண் மட்டும்தான். ஓஸ்வால்ட் பார்வையாளர் பெஞ்சில் இருந்தார், ஹோட்டல்காரர்கள் உதவக்கூடாது என்று அவரை ஒதுக்கிவிட்டார்கள். டைரக்டருக்கு ஏக சந்தோஷம். கேமராவைக் கிரண் பக்கம் திருப்பிவிட்டு, நீங்கள் சொல்வீர்களா என்று கேட்டார்.

கிரண் தன் அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு வந்தார். ஒரு ஸ்பூன் எடுத்துக் குடித்தார். எப்போதும் போலக் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, "உப்பு சொல்ப கம்மி. இன்னும் ஒரு ஸ்பூன் போடு, ஷோபா" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் போட்டது என் வழக்கமான அளவு. கண்ணைக் கட்டிவிட்டாலும் என் கை அதைத்தான் போடும். வாசனையும் சரியாக இருந்தது. அதற்கு மேல் ஒரு முழு ஸ்பூன் போட்டு அவர் சொன்னது பொய்யாக இருந்தால், என் பிரியாணியை யாரும் வாயில் வைக்க முடியாது, ஆறாவது மாடி அவருக்கு. அவருக்கும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், அவருக்கும் அந்தக் கிச்சன் வேண்டும். அடுப்பு முன்னால் சிநேகிதம் வேறு என்று நீயே எழுதியிருந்தாய். அது அந்த நேரம் பார்த்து ஞாபகம் வந்து தொலைத்தது.

அவர் முகத்தைப் பார்த்தேன். அதற்குள் திரும்பித் தன் குழம்பைக் கிளறப் போய்விட்டார்.

உப்பை அள்ளினேன். முழு ஸ்பூன் போட்டேன். அரிசியைப் போட்டு, பதம் பார்த்து மூடினேன்.

முடிவை எழுத மாட்டேன். மற்ற சுற்றுகளில் வாய் தவறியது போதும், இதில் வாக்கைக் காப்பாற்றப் போகிறேன். டிவியில் நவம்பர் பதினாலாம் தேதி சனிக்கிழமை வருகிறது.

உன் கையைப் பற்றி இந்தத் தடவையாவது எழுது.

ஷோபா


மஸ்கட்
16-10-1998

அடி ஷோபா,

நலம் கேட்கிற நிலைமையிலா என்னை வைத்திருக்கிறாய்? டொமினிக் படித்துக்கொண்டே வந்தவன் 'முடிவை எழுத மாட்டேன்' என்ற இடத்தில் நிறுத்தினான். மெஸ்ஸே அவனை அடிக்கப் போனது. அடுத்த பக்கம் எங்கேடா என்று கவரைக் கிழித்துப் பார்த்தார்கள்.

கிரண் சொன்னது நிஜமா பொய்யா? அதை மட்டும் எழுது. பொய் என்று மெஸ்ஸில் பாதிப் பேர் சொல்கிறார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. வெங்காயம் வதங்குகிற இடத்தில் எல்லாருக்கும் குணம் மாறும் என்பதைப் பார்த்தவன் நான்.

தோற்றிருந்தாலும் நீ ருசி பார்க்க மாட்டேன் என்று நின்றாயே, அது போதும். இல்லை, போதாது. எனக்கு நீ ஜெயிக்க வேண்டும்.

அண்ணன்


ஈஜிபுரா
26-10-1998

அன்புள்ள அண்ணா,

சௌக்கியம். குடித்துவிடு என்று நீ எழுதிய கடிதம் போட்டி முடிந்த அடுத்த வாரம்தான் வந்தது. படித்துவிட்டு ரொம்ப நேரம் அழுதேன். முன்னாலேயே வந்திருந்தாலும் குடித்திருக்க மாட்டேன். ஆனால் நீ எழுதியது எனக்கு வேண்டியிருந்தது.

முடிவைச் சொல்ல மாட்டேன். பதினாலாம் தேதி வரை பொறு. காலையில் வழக்கம்போலத் தோசை திருப்புகிறேன்.

ஷோபா

பின்குறிப்பு: ஜானகி எழுதுகிறேனுங்க. எனக்கும் சொல்ல மாட்டேன் என்கிறாள். கெஞ்சிப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன், நடக்கவில்லை. ஆனால் குளிக்கும்போது பாடுகிறாள். இத்தனை வருஷத்தில் இவள் பாடி நான் கேட்டதில்லை. நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். வேளா வேளைக்குச் சாப்பிடுங்கள்.


ஈஜிபுரா
16-11-1998

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் அமோகமாக இருக்கிறோம். நீ மாடிவீட்டு போனில் கூப்பிட்டபோது 'ஜெயிச்சிட்டேண்ணா' என்பதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை. நீயும் அந்தப் பக்கம் மூக்கைத்தான் உறிஞ்சிக்கொண்டிருந்தாய். அதனால் மிச்சத்தை எழுதுகிறேன்.

வீட்டு ஓனர் கிருஷ்ணப்பா தன் டிவியைத் தூக்கிவந்து மாடிப்படி முனையில் வைத்துவிட்டார். தெரு முழுக்க வந்து உட்கார்ந்தது. கிரணும் மனைவி பிள்ளைகளோடு வந்திருந்தார், ஓரமாக உட்கார்ந்து அண்ணி போட்ட முறுக்கைத் தின்றுகொண்டிருந்தார். யாருக்கும் அவரை அடையாளம் தெரியவில்லை. டிவியில் அவர் உப்பு கம்மி என்றதும் தெருவே எழுந்துவிட்டது. சுள்ளு சொல்றான், பொய், போடாதே ஷோபா என்று கிருஷ்ணப்பாவின் அம்மா டிவியைப் பார்த்துக் கத்தினார். கிரண் தலையைக் குனிந்துகொண்டு இன்னொரு முறுக்கை எடுத்தார்.

பிறகு தம் உடைத்தார்கள். அந்த வயதான நடுவர் ஒரு வாய் சாப்பிட்டார். இன்னொரு வாய் சாப்பிட்டார். கறியில் உப்பு இறங்கியிருக்கிறது, அரிசியில் உப்பு நிற்கிறது, இதற்கு மேல் ஒரு கல் போட்டாலும் கெட்டது, குறைத்தாலும் கெட்டது என்றார். என் பெயரைச் சொன்னபோது தெருவில் போட்ட சத்தத்தில் டிவி கேட்கவே இல்லை. அண்ணி என்னைக் கட்டிக்கொண்டு, பாட்டுப் பாடினப்பவே தெரியும் என்றாள்.

கிரண் சொன்னது நிஜம் அண்ணா. தப்பு என்னுடையது. ஹோட்டலில் நாங்கள் தூள் உப்புதான் போடுவோம். கேமராவில் அழகாகத் தெரியட்டும் என்று ஷெட்டில் பீங்கான் கிண்ணத்தில் கல்லுப்பை வைத்திருந்தார்கள். நான் பாட்டுக்கு என் ஸ்பூன் கணக்கில் போட்டுவிட்டேன். கல்லுப்பு ஸ்பூனில் இடம் விட்டு உட்காரும், அதே ஸ்பூனில் உப்பு குறைவாகத்தான் விழும் என்று படபடப்பில் தோன்றவே இல்லை. வேறு நாளாக இருந்தால் ஒரு சொட்டு நாக்கில் பட்டதும் தெரிந்திருக்கும்.

அன்றைக்கு பீன்யாவிலிருந்து திரும்பும் பஸ்ஸில் கேட்டேன், பேசாமல் சரியாக இருக்கிறது என்று சொல்லியிருந்தால் கிச்சன் உங்களுக்குத்தானே, ஏன் சொன்னீர்கள் என்று. அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஸ்ராவணத்துல எனக்கு நீ ஒரு நாளாவது பொய் சொன்னியா?" என்றார். அதற்குப் பிறகு மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்ட் வரை ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பி வைத்திருந்தார். பழைய ஆள், மறுநாள் சரியாகிவிட்டார். ஓஸ்வால்ட் அவருக்குக் கீழ்மாடியில் இருக்கும் பெரிய கிச்சனைக் கொடுத்திருக்கிறார். அதில் எனக்கு ஜெயித்ததைவிடச் சந்தோஷம் என்று எழுதினால் பொய், ஆனால் நிறையச் சந்தோஷம்.

இன்று காலை பஃபேக்குப் போனேன். தோசைக்கல் பக்கம் வேறு பையன் நின்றான். ஓஸ்வால்ட் என் பெயர் தைத்த வெள்ளைக் கோட்டைக் கையில் கொடுத்து, மேலே போ என்றார். லிஃப்டில் தனியாகத்தான் போனேன். ஆறாவது மாடியில் இன்னும் அடுப்புகூட வரவில்லை, வெறும் சுவர். அதன் நடுவில் நின்று சத்தமாகச் சிரித்தேன்.

இப்போது உன் விஷயம். உனக்கு மூளை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய், எனக்கும் இருக்கிறது. தீப்பிடிப்பதற்கு முன்னால் நீ எழுதின கடிதம் ஒவ்வொன்றிலும் ஒரு சமையல் இருக்கும். இன்று இறால் தொக்கு, இன்று ஹைதராபாத்காரன் மெச்சினான் என்று எழுதுவாய். இந்த இரண்டு வருஷமாக உன் கடிதத்தில் ஒரு குழம்புகூட இல்லை. வெயில்தான் இருக்கிறது. உன்னை அடுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள், கை சரியாகவில்லை, அதைச் சொல்ல உனக்கு மனசு வரவில்லை. எனக்கு அப்போதே தெரியும். அண்ணிக்கும் தெரியும்.

வந்துவிடு அண்ணா. இரக்கப்பட்டுக் கூப்பிடவில்லை. நான் இப்போது ஒரு கிச்சனுக்குத் தலைவி, ஆள் எடுக்கிறேன். கிளற, அரைக்க, தூக்க ஆறு பேர் வருகிறார்கள். கை எனக்கு வேண்டாம். கிரண் இனிமேல் கீழ்மாடியில் இருப்பார். புரட்டாசியில் எனக்கு ஒரு நாக்கு வேண்டும், பொய் சொல்லாத நாக்கு. நீதான் புரட்டாசியிலும் கோழி தின்கிறவன் ஆயிற்றே.

ஷோபா
(ஹெட் செஃப் என்று போட ஆசையாக இருக்கிறது, அடுத்த கடிதத்தில் போடுகிறேன்.)


மஸ்கட்
29-11-1998

அன்புள்ள ஹெட் செஃப் அவர்களுக்கு,

நீ போடாவிட்டால் நான் போடுகிறேன்.

வலது கையில் மூன்று விரல் மடங்காது, ஷோபா. ஸ்டோரில் சாவி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கரண்டி பிடிக்க முடியாதவன் என்று உங்களிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இப்போது நீயே சொல்லிவிட்டாய், பாரம் இறங்கியது. கம்பெனியில் எழுதிக் கொடுத்துவிட்டேன். தை பிறக்குமுன் பெங்களூரில் இருப்பேன். ஜானகியிடம் நீயே சொல், நான் சொன்னால் அழுவாள்.

டொமினிக் உன் கடிதத்தை மெஸ்ஸில் படித்தபோது, கிரண் பொய் சொன்னான் என்றவர்கள் எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாவியை மேஜையில் வைத்துவிட்டு நேராகக் கிச்சனுக்குப் போனேன். யாரும் தடுக்கவில்லை, வழி விட்டார்கள்.

இன்று இங்கே வஞ்சிரம் மீன் குழம்பு. புளி கொஞ்சம் தூக்கல், கடைசியில் ஒரு பிடி சின்ன வெங்காயம் தட்டிப் போட்டேன். கரண்டியை இடது கையில் பிடித்துக் கிளறினேன், சட்டையெல்லாம் தெறித்தது. நெல்லூர்க்காரன் ஒருவன் மூன்று தடவை சாதம் வாங்கினான். இறக்குமுன் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தேன்.

உப்பு சரியாக இருந்தது.

அண்ணன்
ரங்கநாதன்